இறக்கைக்கு அந்தப் பக்கம்

ஊசி கொஞ்சம் சீக்கிரமாகவே திரும்பி வந்துவிட்டது.

பல் டாக்டர் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் சந்தோஷம்தான் பட்டார். ஒரு அடிக்கும் மேல் நீளமான ஊசி அது. இந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைத் துணியில் குத்தி அனுப்புவார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உருவி வாங்கி, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தைச் சுற்றி வரும்படி ஒரு விரற்கடை தள்ளிக் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். இவர் இழுத்து முடிச்சுப் போடுவார். பிறகு இரண்டு அங்குலம் மேலே அடுத்த தையல். விமானத்தின் இறக்கைத் துணி எலும்போடு ஒட்டி நிற்பது இந்தத் தையலால்தான். மேலே போன பிறகு காற்று துணியைப் பிய்த்து இழுக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேறு நாதி கிடையாது. அதனால் இதை இரண்டு பேராகத்தான் செய்வார்கள். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்து, சுவருக்கு ஆளுக்கொரு பக்கம்.

அந்தப் பக்கம் இருந்தது அவர் மனைவி. பூகோள ஆசிரியை. காலையிலிருந்து ஒரு ஊசியைத் திருப்பி அனுப்ப அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. குத்தினால் இடம் தவறும். இடம் சரியாக இருந்தால் நூல் சிக்கும்.

"இதுக்குப் பேசாம நாப்பது பேப்பர் திருத்தியிருப்பேன்" என்று முனகினாள். "உலகத்துல புருஷனுங்க சீட்டாடுறாங்க, தூங்குறாங்க. எனக்குன்னு வாய்ச்சது ஏரோப்ளேன் தைக்குது."

"எட்டு சட்டம் முடிச்சதும் உன் தம்பி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு படுத்துட்டான், நான் என்ன பண்ண? இந்த இறக்கைல மீதி ஆறுதான்."

"அவன் லிஃப்ட் மெக்கானிக். மேல போறதும் கீழ வர்றதும் அவன் தொழில். எனக்கு என்ன தலையெழுத்து?"

அப்படிப் பேசிக்கொண்டே இரண்டு சட்டங்களை முடித்திருந்தாள். பிறகு பேச்சு நின்றது. ஷெட்டின் தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. ஊசியோ தறிநாடா போல ஓடத் தொடங்கியது. குத்தினார், வந்தது. குத்தினார், வந்தது. அவர் குறித்து வைத்த பென்சில் புள்ளியில் மயிரிழை பிசகாமல் வந்தது.

"பரவாயில்லையே, பழகிட்டே" என்றார். பதில் இல்லை. "கோபமா?"

ஊசி வந்தது. மீதி நாலு சட்டங்களும் அரை மணி நேரத்தில் முடிந்தன, கடைசித் தையல் மட்டும் பாக்கி.

நூலுக்கு மெழுகு தடவ எழுந்தபோது, திறந்திருந்த கதவு வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொடியிலிருந்து துணிகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி நனைந்திருந்தாள். மகள் வாலு சமையலறை ஜன்னலில் நின்று, "அம்மா, என் யூனிஃபார்ம் முதல்ல" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இறக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

துணியிலிருந்து ஊசி முக்கால் விரல் அளவு வெளியே வந்து நின்றிருந்தது. அவர் வாங்காததால் இரண்டு தடவை மெல்ல அசைந்தது, பொட்டலத்தை நீட்டிக்கொண்டு கடைக்காரர் "பிடிங்க சார்" என்று கையை ஆட்டுவதைப் போல.

அவர் அதை வாங்கவில்லை. இறக்கையின் முனையைச் சுற்றி நடந்தார். ஐந்து மீட்டர் நீளம். அன்றைக்குத்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் மனைவியின் முக்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் அவள் குடித்துவிட்டு வைத்த டம்ளரில் ஈ ஒன்று. அவள் இருந்து முடித்த இரண்டு சட்டங்களில் தையல், குடிகாரன் நடை போல அங்குமிங்கும் போயிருந்தது. அடுத்த நாலு சட்டங்களில் அச்சடித்த மாதிரி வரிசை. ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி மறைத்திருந்தது. அப்படிச் செய்ய அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கே தெரியாது.

ஈரத் துணியோடு வந்த மனைவியிடம், "எப்ப எழுந்து போனே?" என்று கேட்டார்.

"அப்பவே. நீங்கதானே சொன்னீங்க, நீ போம்மா, கை வலிக்கும், நான் பாத்துக்கறேன்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

"பின்ன வேற யாரு சொல்லுவா, உங்க இறக்கையா?" துணிகளை நாற்காலியில் போட்டாள். அப்புறம், கொஞ்சம் குரல் இறங்கி, "நீங்க என்கிட்ட இவ்வளவு பிரியமாப் பேசி எத்தனை வருஷமாச்சு தெரியுமா" என்றாள்.

அவர் அந்தக் கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டார். ஷெட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம் அது. அறுபது வயது. மரம், துணி, கொஞ்சம் இரும்புக் குழாய். வாலுக்குப் பத்து வயதாக இருந்தபோது அதன் எலும்புக்கூட்டை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "இது பறக்குமாப்பா?" என்று கேட்டாள். "பறக்கும். முதல் தடவை முன்சீட்டுல நீதான்" என்றார். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வாக்குக்கே போயின. உடல்பகுதி முடிந்து, ஊருக்கு வெளியே ஃப்ளையிங் கிளப்பில் நின்றது. இறக்கைகள் இரண்டும் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தன. கார் நாலு வருஷமாகத் தெருவில் நனைந்தது. அடுத்த மாதம் வாலு வேறு ஊரில் விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். அதற்குள் பறக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்பாவோடு முன்சீட்டு எதற்கு?

பயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் நாற்காலியில் வந்து சாய்கிறவர்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். "ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த மூன்று நாளும் அதையே தனக்கும் சொல்லிக்கொண்டார். வேலை மும்முரத்தில் நானே அந்தப் பக்கம் போய்ப் போய்க் குத்தியிருப்பேன். மழைச் சத்தத்தில் நானே ஏதாவது சொல்லியிருப்பேன். எல்லாம் மனசுதான்.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். விமானத்தை வானத்துக்கு விடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிறவர். ஓய்வுபெற இரண்டு வாரம் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தைத்து முடித்த வலது இறக்கையை மூக்கு படும் தூரத்தில் பார்த்தார். மனைவி போட்ட இரண்டு சட்டங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்தவற்றுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"டாக்டர், இது யாரு போட்டது?"

வாய் திறப்பதற்கு முன் ஒரு கணம் இருந்தது. உண்மையைச் சொல்லக் கிடைத்த கணம்.

"என் மனைவி."

"தேர்ந்த கைதான் அவங்களுக்கு." ஆய்வாளர் விரலால் தடவிப் பார்த்தார். "நூலை இப்படிச் சுத்தி மறைக்கிறதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். முப்பது வருஷம் இருக்கும். இதே விமானம், இதே இறக்கை. பழைய சொந்தக்காரர் யாரையும் கிட்ட சேர்க்காத மனுஷன். தனியா எப்படி சார் தைச்சீங்கன்னு கேட்டேன். கூட ஒருத்தர் இருக்கார்னாரு. வீட்டுல நான் யாரையும் பார்க்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கையெழுத்து வாங்கினாரு. ஆனா ஒரு நாள் கூடப் பறக்கலை. விமானத்தைக் கழட்டிப் போட்டுட்டாரு. என்ன ஆச்சுன்னு கேட்டா முகத்தைப் பார்க்க மாட்டாரு." கண்ணாடியைக் கீழே இறக்கினார். "இடது இறக்கை திங்கட்கிழமைக்குள்ள இதே மாதிரி முடிஞ்சா, நானே கையெழுத்தைப் போட்டுட்டுப் போறேன். எனக்கப்புறம் வர்றவன் புதுசு. முதல்லேர்ந்து எல்லாத்தையும் பிரின்னு சொல்லுவான். ஒரு வருஷம் போயிடும், பாத்துக்குங்க."

இரவு மைத்துனனுக்குப் போன் போட்டார். "மாமா, டாக்டர் பத்து நாள் அசையாதேன்னு சொல்லிட்டான்" என்று அவன் முனகினான். "உங்களை மாதிரி பல் டாக்டர் இல்ல, நிஜ டாக்டர். நான் வர்ற வரைக்கும் பொறுங்க. ஏரோப்ளேன் என்ன பறந்தா போயிடும்?" சிரித்துவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டதில் அய்யோ என்றான்.

பொறுக்க அவரால் முடியவில்லை. மனைவிக்குச் சனிக்கிழமை பரீட்சை மேற்பார்வை. வாலு தோழி வீட்டுக்குப் போவதாக இருந்தது. யாரும் ஷெட்டுப் பக்கம் வரக்கூடாது, துணிக்குத் தூசு ஆகாது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வானம் கருத்திருந்தது. இடது இறக்கை தாங்கியில் நிமிர்ந்து நின்றது. துணியை இறுக்கப் பூசிய வார்னிஷின் நெடி, நகப்பூச்சைக் குடம் குடமாகக் கொட்டிய மாதிரி, தொண்டையில் இனித்தது. பதினாலு சட்டங்கள். அவர் தன் முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கமும் ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருந்தார். ஏன் போட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு தையல். வராவிட்டால் எழுந்து போய் நானே வாங்கிக் குத்துகிறேன். அவ்வளவுதான்.

ஊசியைக் குத்தினார். பாதி போனது. காதுப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்தபடி காத்திருந்தார். கூரையில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. தூரத்தில் எங்கோ நாய் ஒன்று தொடர்ந்து குரைத்து, பாதியில் வாயை மூடிக்கொண்டது.

மரியாதையாக, மெதுவாக, ஊசி அவர் விரல்களிலிருந்து உருவப்பட்டது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. ஆனால் ஒரு விரற்கடை தள்ளி, பென்சில் புள்ளியின் நட்டநடுவில் நுனி எட்டிப் பார்த்தபோது, அவர் கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. என்ன அழகான தையல். அடுத்ததைக் குத்தினார்.

மதியம் ஒரு மணிக்குள் ஏழு சட்டங்கள் முடிந்தன. சாப்பிட எழவில்லை. வாய் உலர்ந்திருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் வெட்கம். பேச்சு இல்லை, முணுமுணுப்பு இல்லை, தப்பு இல்லை. நாலு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டாளி கிடைத்ததில்லை. இரண்டு தடவை சுற்றிப் போய்ப் பார்த்தார். முக்காலி காலி. அவர் பார்க்கும்போது ஊசி அசையவில்லை. இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் அசைந்தது.

எட்டாவது சட்டத்தில் கை வைத்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. புள்ளிகள் தெரியவில்லை. கை விளக்கை எடுத்துப் போய் அந்தப் பக்கத்து முக்காலியின் அருகே வைத்துவிட்டுத் திரும்பினார். துணி மெல்லியது. பின்னால் வெளிச்சம் இருந்தால் உள்ளே இருக்கும் சட்டங்கள் நிழலாகத் தெரியும், எக்ஸ்ரேயில் விலா எலும்பு தெரிவது போல. எக்ஸ்ரே பார்த்தே பழகிய கண் தானாக எண்ணியது.

பதினைந்து.

மறுபடி எண்ணினார். பதினாலு சட்டங்கள் நேராக நின்றன. பதினைந்தாவது, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். அது நேராக இல்லை. கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தால் இருக்கும் அகலம்.

இறக்கையின் கனம் ஒரு சாண்.

அந்தப் பக்கம் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. காலையிலிருந்து ஊசி அந்தப் பக்கத்துக்கு எட்டும் முன்பே வாங்கப்பட்டிருக்கிறது.

டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்தார். சத்தம் வராமல். மேசையிலிருந்து துணி வெட்டும் பிளேடை எடுத்தார். எல்லாத் தையலையும் அறுத்துவிட வேண்டும். கையெழுத்து வேண்டாம். பறக்க வேண்டாம். வாலுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மூன்றாம் நாள் சிரித்துவிடுவாள்.

"அப்பா."

குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஷெட்டின் பின்கதவு அந்தப் பக்கம்தான்.

"நீ சாப்பிடவே வரலையே. அம்மா வெச்ச டிபன் பாக்ஸ் அப்படியே இருக்கு. ஃப்ரெண்டு வீட்டுல ஒரே போர்ப்பா, வந்துட்டேன். நானும் கொஞ்சம் தைக்கிறேனே." முக்காலி கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். விளக்குக்கு முன்னால் அவள் நிழல் துணியில் விழுந்தது. இரட்டைப் பின்னல், ஒல்லிக் கழுத்து.

பதினைந்தாவது நிழல் தலையை நிமிர்த்தியது.

"வாலு" என்றார். "வாலு, எழுந்திரு. எதையும் தொடாதே. உடனே வெளியே போ" என்றார்.

"சரிப்பா" என்றாள் சந்தோஷமாக. "இந்த ஊசிதானே?"

"வேண்டாம். தொடாதே."

"நூலைச் சுத்தி மறைக்கணுமா? எப்படி? ஓ, இப்படியா." சிரித்தாள். "ஈஸிதான்ப்பா."

அவர் சொன்னது எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. நடுவில் வேறு ஏதோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, அவர் குரலில், அவரைவிடப் பிரியமாக. அது புரிந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினார். இறக்கையின் முனை. ஐந்து மீட்டரில் பாதி. நாலு எட்டு. வழியில் வார்னிஷ் டப்பா. கால் தட்டியது. விழுந்தார். முழங்கை தரையில் இடித்தது. பிளேடு கையிலேயே இருந்தது.

"அப்பா, கையை விடுப்பா. நான் ஒழுங்காத்தான் தைக்கிறேன்."

எழுந்தார்.

"உன் கை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு?"

வழுக்கியது. தரையெல்லாம் வார்னிஷ். இறக்கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளங்கைக்கு அடியில் துணி உள்ளிருந்து அதிர்ந்தது.

"உள்ளேயா?" என்றாள் வாலு. இப்போது குரலில் ஒரு சின்னத் தயக்கம். "இவ்வளவு இடத்துல எப்படிப்பா?"

கொஞ்ச நேரம் அவள் எதற்கோ காதுகொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். "நீ பிடிச்சுக்கிட்டா சரி."

அவர் முனையைச் சுற்றி வந்தபோது முக்காலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வரும்போது அவள் உள்ளே போட்ட தாழ் பின்கதவில் அப்படியே இருந்தது. கதவிலிருந்து முக்காலி வரை அவளுடைய ஈரக் கால்தடங்கள். முக்காலியிலிருந்து எங்கும் இல்லை. துணியில் கிழிசல் இல்லை. ஓட்டை இல்லை. ஏழாவது சட்டத்துக்கும் எட்டாவது சட்டத்துக்கும் நடுவில் துணி மிருதங்கத் தோல் போல விம்மி இருந்தது.

"வாலு" என்றார் மிக மெதுவாக.

துணி உள்ளிருந்து எழும்பியது. முதலில் நடுவிரல். பிறகு ஐந்தும். சின்ன உள்ளங்கை ஒன்று, நன்றாக விரித்து, வெளியே பார்த்துப் பதிந்தது. அவர் தன் கையை அதன் மேல் வைத்தார். சூடாக இருந்தது. அவள்தான். நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாகிப்போன கட்டைவிரல். அது இவர் கையை உணர்ந்து, துணியோடு சேர்த்துப் பற்றிக்கொள்ளப் பார்த்தது.

கையிலிருந்த பிளேடைத் துணிக்கு அருகே கொண்டுபோனார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலே வைத்தால் அவள் முகம் எங்கே இருக்கிறதோ. கீழே வைத்தால் மணிக்கட்டு.

"அப்பா இருக்கேன்டா" என்றார். "இங்கதான் இருக்கேன். கையை எடுக்காதே."

கூரையில் மழை விட்டிருந்தது. அந்த அமைதியில் துணிக்கு உள்ளே மெல்ல ஏதோ நகர்ந்து இடம் கொடுத்து உட்காரும் ஓசை கேட்டது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சின்னக் கையை ஒட்டித் துணி இன்னொரு தடவை எழும்பியது. நீளமான விரல்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. எழுதப் பழக்குகிறவர் குழந்தையின் கையைப் பிடிப்பதைப் போல, அவசரமே இல்லாமல், அவை அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாக வந்து பொருந்தி, மூடிக்கொண்டன.